முதல் கொலுவுக்கு மரப்பாச்சி ஜோடி: வாங்கும் முன் கையில் எடுத்துப் பாருங்கள்

அக்கா மகளுக்கு இந்த வருஷம் முதல் கொலு, அதனால் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் நவராத்திரிக்குப் போடும் நடைபாதைக் கடை ஒன்றில் மரப்பாச்சி ஜோடி வாங்கினேன். அரையடி உயரம், ஜோடி 900 ரூபாய். என் கணக்கில் நல்ல விலைதான்.

செதுக்கல் அருமை. பெண்ணின் கொண்டை, ஆணின் தலைப்பாகை எல்லாம் உளி பட்ட தடம் தெரியும்படி அப்படியே விட்டிருக்கிறார்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மொழுக்கென்று ஆக்கவில்லை. கைகள் உடம்போடு ஒட்டியே இருக்கின்றன. கீழே விழுந்தாலும் உடைந்துபோக நீட்டிக்கொண்டு எதுவும் இல்லை, புடவைத் துண்டைச் சுற்றிக் கட்டுவதும் சுலபம். கொலு முடிந்ததும் குழந்தைகள் கைக்குப் போகிற பொம்மைக்கு இதைவிட நல்ல அமைப்பு கிடையாது, காகிதக்கூழ் பொம்மையைப் போல பொத்திப் பொத்தி வைக்க வேண்டாம். குறை என்றால், ஆண் பொம்மையின் அடிப்பாகம் சமமாக இல்லை, படியில் வைத்தால் லேசாக ஆடுகிறது.

இப்போது மரத்துக்கு வருகிறேன், ஏனென்றால் ஏமாறுவது இங்கேதான். பாரம்பரிய மரப்பாச்சி செம்மரத்தில் செய்வது. அந்த மரம் திருப்பதி, கடப்பா பக்கத்து மலைகளில் வளர்வது, இஷ்டத்துக்கு வெட்ட முடியாது, கட்டுப்பாடு கடுமை. அதனால் இன்று கடைகளில் சிவப்பாக இருப்பதில் பலதும் வேறு மரத்துக்குச் சாயம் ஏற்றியதுதான். கையில் எடுத்தாலே தெரிந்துவிடும்: வயிரம் பாய்ந்த செம்மரம் தண்ணீரில் போட்டால் மூழ்கிற அளவுக்குக் கனம். அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள், அங்கே சாயம் சரியாக ஏறாமல் வெளிறித் தெரிந்தால் விஷயம் புரிந்துவிடும். நான் வாங்கிய கடைக்காரர் "இது செம்மரம் இல்லீங்க" என்று அவராகவே சொன்னார், அதற்காகவே அவரிடம் வாங்கினேன். அடுத்த கடையில் பஞ்சு மாதிரி லேசான ஒன்றைச் செம்மரம் என்று மூன்று மடங்கு விலை சொன்னார்கள்.

மரப்பாச்சி என்ற பெயருக்கு என்ன அர்த்தம் என்று அக்கா மகளே கேட்டாள். மரத்தால் ஆன பாவை, அவ்வளவுதான். திருக்குறளிலேயே 'மரப்பாவை' வருகிறது, 1020-ஆவது குறளில் கயிறு கட்டி ஆட்டுகிற பொம்மையாக. அதே 'பாவை' பெண்ணுக்கும் பெயர், கண்ணின் கருமணிக்குள் தெரிகிற குட்டி உருவத்துக்கும் பெயர். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அந்தக் கண்ணுக்குள் இருக்கும் பாவைதான், எதிரே நிற்பவரின் உருவம் அத்தனூண்டாகத் தெரிவதைப் பார்த்து வைத்த பெயர் அல்லவா.

சின்னக் குழந்தை உள்ள வீடு என்றால் வார்னிஷ், சாயம் எதுவும் இல்லாததையே கேளுங்கள், வாயில் வைக்காத குழந்தை ஏது. அலங்காரத்துக்குத் தனியாக உடுப்பு வாங்க வேண்டாம், பழைய பட்டுப் பாவாடையின் ஜரிகைக் கரையே இரண்டுக்கும் தாராளமாகப் போதும்.