ஃபியூஸ் இருந்தும் புகைந்தது வண்டி

தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, மூலக்கடைப் பக்கம் காருக்குக் கூடுதல் விளக்கோ கேமராவோ மாட்டக் கடை தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடையின் பெயரை எழுதப்போவதில்லை; புகார் நடந்துகொண்டிருக்கிறது. தவிர, இப்படி வேலை செய்கிற கடை அது ஒன்றுதான் என்றும் நான் நம்பவில்லை.

அங்கே என் காருக்கு மாட்டியவை முன்பக்கம் இரண்டு ஃபாக் விளக்குகள், ஒவ்வொன்றும் 55 வாட். பொருளும் கூலியும் சேர்த்து 3,200 ரூபாய். பில் கேட்டதற்கு முதலாளி ஒரு விசிட்டிங் கார்டின் பின்புறம் தொகையைக் கிறுக்கி நீட்டினார். விளக்குகள் என்னவோ பளிச்சென்றுதான் எரிந்தன.

சில வாரங்கள் கழித்து, எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்துகொண்டிருந்தபோது பானட் ஓரத்திலிருந்து புகை வந்தது. சாவியைத் திருப்பினேன். இன்ஜின் நின்றது, புகை நிற்கவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாவை இறக்குவதற்குள், வரிசையில் நின்ற லாரி ஒன்றிலிருந்து ஓட்டுநர் ஸ்பேனரும் கையுமாக ஓடி வந்தார். "சாவியை விடுங்கள் அம்மா, பேட்டரியைக் கழற்றினால்தான் அடங்கும்" என்றவர், நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றினார். முதலில் நெகட்டிவைத்தான் கழற்ற வேண்டும். பாசிட்டிவைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஸ்பேனர் வண்டியின் தகரத்தில் பட்டால் பொறி பறக்கும். அந்த அண்ணன் புண்ணியத்தில் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

வியாசர்பாடியில் பல வருடமாக வண்டி எலெக்ட்ரிக் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் காரைக் கொண்டுபோனோம். பேட்டரி பாசிட்டிவிலிருந்து நேராக ஒரு மெல்லிய சிவப்பு ஒயர். இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவே உள்ள தகரத்தில் துளை போட்டு, ரப்பர் வளையம்கூட மாட்டாமல் அதை உள்ளே நுழைத்திருந்தார்கள். வண்டி அதிர அதிரத் தகர விளிம்பு ஒயரின் தோலை அறுத்திருக்கிறது. செம்பு தகரத்தில் பட்டதும் ஷார்ட். வண்டியின் பாடி முழுவதும் நெகட்டிவ்தானே! பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டக்கூடியது. அந்த ஒயர் எம்மாத்திரம்? துளையிலிருந்து பேட்டரி வரை கருகி, உருகிய பிளாஸ்டிக் பக்கத்துக் குழாயில் ஒட்டியிருந்தது.

டேஷ்போர்டுக்கு அடியில், சுவிட்சுக்குப் பக்கத்தில், ஒரு ஃபியூஸ் இருந்தது. பச்சை நிறம், 30 ஆம்பியர். புத்தம் புதிதாக இருந்தது, ஒரு கீறல் இல்லை. பெரியவர் அதைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்து, "காவல்காரன் உள் அறையில் தூங்கினால் வாசலில் வந்த திருடனை யார் பிடிப்பது?" என்று கேட்டார்.

ஃபியூஸ் இருப்பது முதலில் ஒயரைக் காப்பாற்ற. ஆகவே அது பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் உள்ள துண்டு ஒயருக்குப் பாதுகாப்பே கிடையாது. அளவும் ஒயர் தாங்குவதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். இரண்டு விளக்குக்கும் சேர்த்து 110 வாட், 12 வோல்ட்டில் சுமார் 9 ஆம்பியர். அதற்கேற்ற ஒயரும் 15 ஆம்பியர் நீல ஃபியூஸும் போதும். 30 போட்டால், 25 ஆம்பியர் ஓடி ஒயர் வெந்தாலும் அது அசையாது. சுவிட்சில் சிறு மின்னோட்டம் மட்டும் போக, விளக்குக்கான பெரிய மின்னோட்டத்தைத் தானே தாங்கும் ரிலேயும் இல்லை, விளக்கின் மொத்த மின்னோட்டமும் ஒரு சின்ன சுவிட்ச் வழியாகவே போயிருக்கிறது. விளக்குப் பக்கத்து இணைப்புகள் வெறுமனே முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றியவை. இன்ஜின் சூட்டில் பசை இளகி டேப் பாதி அவிழ்ந்து, திருவொற்றியூர் உப்புக் காற்றில் செம்பு பச்சை பூத்திருந்தது. மழை நாளில் கணேசபுரம் சுரங்கப்பாதைத் தண்ணீரில் இறங்கி ஏற வேண்டிய வண்டிக்கு இந்த லட்சணத்தில் ஒரு வேலை!

பெரியவர் எல்லாவற்றையும் பிடுங்கிப்போட்டு, பேட்டரி அருகிலேயே தண்ணீர் புகாத ஃபியூஸ் பெட்டி, ரிலே, ரப்பர் வளையம், லக் என்கிற உலோக முனை வைத்து அழுத்திய இணைப்புகள், மேலே சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் என்று புதிதாகச் செய்துகொடுத்தார். கூலி முதல் கடையைவிடக் குறைவு.

கருகிய ஒயரோடு கடைக்குப் போனேன். "ஃபியூஸ் போட்டுத்தானே கொடுத்தோம் மேடம்" என்றார் முதலாளி. பொய் இல்லை, போட்டிருந்தார். எங்கே போட்டீர்கள் என்று கேட்டதும், வேறு யாரோ கை வைத்திருப்பார்கள் என்றார்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தேன். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். புகார் போன பிறகு கடையிலிருந்து அழைப்பு வந்தது: 1,500 ரூபாய் தருகிறார்களாம், புகாரைத் திரும்பப் பெற வேண்டுமாம். முழுத் தொகையும் முறையான பில்லும் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.