பில்லா, மானியமா, இழப்பீட்டுப் பணமா? அமெரிக்கக் கிராம ஆம்புலன்ஸுக்கு யார் காசு கொடுப்பது

அமெரிக்காவின் பல கிராமப்புறங்களில் ஆம்புலன்ஸில் வருபவர் ஒரு விவசாயியாகவோ பள்ளி ஆசிரியராகவோ இருப்பார். பேஜர் ஒலித்ததும் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிவரும் தன்னார்வலர். ஃபென்டனில் என்ற கடும் போதைமருந்து உள்ளே போய் மூச்சு அடங்கியவரையும், சாகப்போகிறேன் என்று கதவைப் பூட்டிக்கொண்டவரையும் இன்று முதலில் பார்ப்பது அவர்தான். 2022-இல் அந்த நாட்டில் போதைப்பொருளின் அளவு மீறி இறந்தவர்கள் சுமார் 1,08,000 பேர். இந்த வேலைக்குப் பணம் வரும் வழிகளில் முக்கியமானவை மூன்று.

முதலில் பில். ஆம்புலன்ஸுக்கு மெடிகேர் (முதியவர்களுக்கான மத்திய அரசுக் காப்பீடு) பணம் தருவது நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால்தான். போதையை முறிக்கும் நலோக்சோன் மருந்தை மூக்கில் அடித்ததும் ஆள் கண் விழிக்கிறார், "எனக்கு ஒன்றுமில்லை, போங்கள்" என்கிறார். உயிரைக் காப்பாற்றிய அந்தப் பயணத்துக்கு ஒரு சென்ட்கூடக் கிடையாது. இது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது. இதை மாற்றிப் பார்க்க 2021-இல் தொடங்கிய ஈடி3 சோதனைத் திட்டத்தையும் 2023 கடைசியில், காலம் முடியும் முன்பே மூடிவிட்டார்கள். ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டு கொஞ்சம் பரவாயில்லை. நடமாடும் மனநல உதவிக் குழுக்களுக்கான செலவில் 85 சதவீதத்தை மூன்று ஆண்டுகளுக்கு மத்திய அரசே ஏற்க 2021-இல் ஒரு சட்டம் வழி செய்தது. ஆனால் அந்தச் சேவை வருடம் முழுக்க, 24 மணி நேரமும் கிடைக்க வேண்டும். ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத கவுன்டி (நம் மாவட்டம் போன்றது) அதற்கு ஆளுக்கு எங்கே போகும்?

அடுத்தது மானியம். 2018 விவசாயச் சட்டத்தோடு வந்த சைரன் சட்டம் கிராம ஆம்புலன்ஸ் சேவைகளுக்கென்றே ஒரு மானியத்தை உருவாக்கியது. ஒரு சேவைக்கு 2,00,000 டாலர் வரை. பயிற்சி, கருவிகள், ஆள் சேர்ப்பு எல்லாவற்றுக்கும் உதவும். சரி, விண்ணப்பத்தை எழுதுவது யார்? பெரிய சேவைகளில் அதற்கென்றே ஆள் உண்டு. ஆறு தன்னார்வலர்கள் உள்ள ஊரில் இரவுப் பணி முடித்து வந்தவரே உட்கார்ந்து எழுத வேண்டும். கிடைத்தாலும் அது காலக்கெடு உள்ள பணம். அதை நம்பி ஒருவருக்கு நிரந்தர வேலை கொடுக்க முடியாது.

மூன்றாவது, ஓபியாயிடு எனப்படும், அடிமையாக்கும் வலிமருந்துகளை விற்ற நிறுவனங்கள் மேல் போட்ட வழக்குகளின் இழப்பீடு. ஜான்சன் அண்ட் ஜான்சனும் மூன்று பெரிய மருந்து விநியோக நிறுவனங்களும் 2021-இல் ஒப்புக்கொண்ட தொகை 2,600 கோடி டாலர். விநியோக நிறுவனங்களின் பங்கு 18 ஆண்டுகள் தவணையாக வரும். அதுதான் இதன் பலம், சம்பளம் போட இப்படி நின்று வரும் பணம்தான் வேண்டும். நலோக்சோன் வாங்குவதும் முதலுதவியாளர் பயிற்சியும் அனுமதிக்கப்பட்ட செலவுகள். குறையும் உண்டு. ஓபியாயிடு தொடர்பே இல்லாத மனநல அழைப்புக்கு இதைத் தொடுவது கடினம். பட்ஜெட் பற்றாக்குறையை அடைக்க இதில் கைவைத்த உள்ளாட்சிகளும் இருக்கின்றன.

மனநல அழைப்புக்கு எனக்குப் பிடித்த ஏற்பாடு தெற்கு டகோட்டாவில் இருக்கிறது. அங்கே கவுன்டியின் போலீஸ் தலைவரான செரிஃபின் ஆட்களிடம் டேப்லெட் கொடுத்திருக்கிறார்கள். நெருக்கடியில் இருப்பவர் அந்த இடத்திலிருந்தே மனநல நிபுணரோடு பேசலாம். ஹெல்ம்ஸ்லி அறக்கட்டளையின் பணத்தில் 2020-இல் தொடங்கியது. தொலைவில் இருக்கும் ஊர்களுக்கு, தனிக் குழு அமைப்பதைவிட இது கைக்கு எட்டும் செலவு.

ஒரு கவுன்டியின் கணக்கை என்னிடம் கொடுத்தால், மானியத்தைப் பயிற்சிக்கும் டேப்லெட்டுக்கும் வைப்பேன். பில் விதியை மாற்றச் சொல்லி மத்திய அரசை விடாமல் கேட்பேன். இழப்பீட்டுப் பணத்தில் ஒரே ஒரு பாராமெடிக்குக்கு (பயிற்சி பெற்ற அவசர மருத்துவ உதவியாளர்) முழுநேரச் சம்பளம் போடுவேன். அவர் செய்ய வேண்டிய வேலையை மேற்கு வர்ஜீனியாவின் ஹன்டிங்டன் நகரில் 2017 முதல் ஒரு குழு செய்கிறது. போதை அளவு மீறிப் பிழைத்தவரை மூன்று நாட்களுக்குள் வீடு தேடிப் போய்ப் பார்த்து, சிகிச்சைக்கு வருகிறீர்களா என்று கேட்கிறது. நலோக்சோனின் வேகம் 30 முதல் 90 நிமிடங்களில் அடங்கிவிடும். அதற்கு அப்புறம் அந்த வீட்டுக் கதவைத் தட்ட ஒரு ஆள் வேண்டும், அவருக்கு மாதச் சம்பளம் வேண்டும்.