கில்பெக் சர்ச்: உள்ள போற அவசரம் வேண்டாம், முதல்ல வெளிய ஒரு சுத்து சுத்துங்க

இங்கிலாந்துல ஹியர்ஃபர்டுஷயர் பக்கம் போறவங்க பெரும்பாலும் ஹியர்ஃபர்ட் கதீட்ரல பாத்துட்டு அப்படியே வேல்ஸ் மலைப்பக்கம் வண்டிய திருப்பிடுறாங்க. நடுவுல, ஆபர்கவென்னி போற ஏ465 ரோட்ல இருந்து கொஞ்சம் உள்ள தள்ளி கில்பெக்னு ஒரு குட்டி ஊர் இருக்கு, ஹியர்ஃபர்ட்ல இருந்து சுமார் 14 கிலோமீட்டர்தான். அங்க இருக்குற செயின்ட் மேரி அண்ட் செயின்ட் டேவிட் சர்ச்சுக்கு நான் யோசிக்காம அஞ்சுக்கு அஞ்சு கொடுப்பேன். டிக்கெட் கிடையாது, உண்டியல்ல மனசுக்கு தோணினத போட்டா போதும், தாராளமாவே போடுங்க, ஏன்னா இப்படி ஒரு கட்டடத்த காப்பாத்துறது ஒரு சின்ன ஊருக்கு லேசுப்பட்ட வேலை இல்ல.

1140 வாக்குல கட்டினது. கட்ட வச்சவர் ஹியூன்னு ஒரு நார்மன் பிரபு, அதாவது பிரான்ஸ் பக்கம் இருந்து வந்து இங்கிலாந்த பிடிச்ச கூட்டத்துக்காரர், பக்கத்துலயே அவங்க குடும்பத்து கோட்டை இருந்துச்சு. அந்த காலத்துல இது வேல்ஸ் எல்லைப் பகுதி, நார்மன்காரங்க அதிகாரம் பண்ண வந்த இடம், ஆனா சர்ச் பேர்லயே வேல்ஸ்காரங்க கும்பிடுற டேவிட் இருக்காரு பாருங்க. யாரோ ஒருத்தரோட கலைன்னு சொல்ல முடியாதபடி எல்லாம் கலந்து கிடக்கு. பின்னல் பின்னலா போற கொடிகள்ல, நார்மன்காரங்களுக்கு முன்னாடி இங்கிலாந்துல இருந்த ஆங்கிலோ சாக்சன்காரங்க வாடை, மேற்கு சுவர்ல வாய பொளந்துட்டு நீட்டிக்கிட்டு இருக்குற டிராகன் தலைகள்ல வைக்கிங் கப்பல் வாடை, உள்ள இருக்குற புனிதர் சிலைகள்ல ஸ்பெயின் யாத்திரை பாதை வாடை. இந்த கூட்டு வேலைக்குத்தான் ஆராய்ச்சி பண்றவங்க ஹியர்ஃபர்டுஷயர் ஸ்கூல்னு பேர் வச்சிருக்காங்க, ஸ்கூல்னா பள்ளிக்கூடம் இல்ல, இந்தப் பகுதியில ஒரே பாணியில செதுக்கினவங்க கூட்டம், கல்தச்சர்கள் ஒருத்தர் பேர் கூட நமக்கு தெரியாது.

தெற்கு வாசல் முன்னாடி நின்னுடுங்க, அங்கயே நேரம் போறது தெரியாது. கதவுக்கு மேல அரைவட்டக் கல்லுல ஜீவ விருட்சம். அத சுத்தி வர்ற வளைவுல விதவிதமா மிருகங்கள், பறவைங்க, டிராகன்கள், ஒவ்வொரு கல்லுலயும் ஒன்னு. ரெண்டு பக்கமும் தூண்கள், அதுல பாம்புங்க ஒன்னோட ஒன்னு சுத்திக்கிட்டு மேலயும் கீழயும் போகுது. இடது பக்கத் தூண்ல கொடிக்குள்ள சிக்கின மாதிரி ரெண்டு வீரர்கள் ஒருத்தர் மேல ஒருத்தர் நிக்கிறாங்க, தொளதொள கால்சட்டை, உடம்போட ஒட்டின வரிவரியான மேல்சட்டை, துணி மடிப்பு கூட தெளிவா தெரியுது. வலது பக்கத் தூண் தலையில ஒரு முகம், வாயில இருந்து இலைக்கொடி கிளம்பி போகுது, கிரீன் மேன்னு சொல்லுவாங்க. கிட்டப் போய் பாருங்க, கிட்டத்தட்ட 900 வருஷம் மழையும் பனியும் பாத்த கல்லுன்னு நம்பவே முடியாது, விளிம்பெல்லாம் அவ்ளோ கூர்மை. ஓல்ட் ரெட் சாண்ட்ஸ்டோன்னு சொல்ற சிவப்பு மணற்கல்தான், ஆனா நல்ல தரமான கல் அமைஞ்சிருக்கு.

அது எவ்ளோ பெரிய அதிர்ஷ்டம்னு புரியணும்னா அதே மாவட்டத்துல இருக்குற ஷாப்டன் கதைய தெரிஞ்சுக்கணும். ஆலிவர் டி மெர்லிமண்ட்னு ஒருத்தர் ஸ்பெயின்ல சான்டியாகோவுக்கு யாத்திரை போயிட்டு வந்து அங்க ஒரு சர்ச் கட்டினாரு, அதுவும் இதே ஸ்கூல் வேலைதான். 1750கள்ல அந்த சர்ச்ச இடிச்சுட்டு, செதுக்கின வளைவுகள மட்டும் தூக்கி ஒரு மேட்டுல தோட்ட அலங்காரமா நிறுத்திட்டாங்க. வெட்டவெளியில நின்னு நின்னு இப்ப உருவமெல்லாம் கரைஞ்சு போச்சு. எனக்கு அத நினைச்சா வயிறு எரியுது. கில்பெக்ல கை வைக்காம விட்டதாலதான் இன்னிக்கு நாம பாக்குறோம், 1848ல காட்டிங்ஹாம்னு ஒரு ஆர்க்கிடெக்ட் ரிப்பேர் பண்ணினப்பவும் பழைய அமைப்பு அப்படியே தப்பிச்சிருக்கு.

அடுத்து கூரை ஓரம். கூரைக்கு கீழ சுவர சுத்தி வரிசையா கல் தலைகள் நீட்டிக்கிட்டு இருக்கும், கார்பெல்னு சொல்லுவாங்க. இதுல 85 இன்னும் இருக்கு. நம்ம ஊர் கோயில் மண்டபத்துல தூண் தூணா நின்னு வேடிக்கை பாத்து வளந்தவங்களுக்கு இத எப்படி பாக்கணும்னு சொல்லித்தரவே வேண்டாம். ஒரு நாயும் முயலும் பக்கத்துல பக்கத்துல, கார்ட்டூன் மாதிரி அவ்ளோ அழகு. பன்னி, ஆட்டுக்கடா, வாயில ஆள வச்சிருக்குற மிருகம், ஃபிடில் மாதிரி ஒன்ன வாசிக்கிற ஆளு, நடுவுல சிலுவை தாங்கின ஆட்டுக்குட்டின்னு எது பக்கத்துல எது வரும்னு கணிக்கவே முடியாது. கழுத்து வலிக்கும், பரவாயில்ல, சின்ன பைனாகுலர் இருந்தா கண்டிப்பா எடுத்துட்டு போங்க.

இதுல ஷீலா நா கிக்னு ஒரு பெண் உருவம் ரொம்ப ஃபேமஸ், தன் பிறப்புறுப்ப ரெண்டு கையாலயும் விரிச்சு காட்டுற மாதிரி. காமத்துக்கு எதிரான எச்சரிக்கைன்னு சிலர், கெட்டத விரட்டுற உருவம்னு சிலர், பழைய வளமை வழிபாட்டோட மிச்சம்னு சிலர் சொல்றாங்க, முடிவு ஆகல. என் ஆதங்கம் என்னன்னா நிறைய பேர் இத மட்டும் ஒரு ஃபோட்டோ எடுத்துட்டு சிரிச்சுட்டு கிளம்பிடுறாங்க, மீதி 84 யாரு பாக்குறது?

உள்ள சின்னதுதான். மக்கள் உக்கார்ற நேவ், அதுக்கு அடுத்து பாதிரியாருக்கான சான்சல், கடைசியில அரைவட்டமா ஆப்ஸ், மூணே பகுதி. சான்சல் வளைவுல ரெண்டு பக்கமும் மும்மூணு பேரா ஒருத்தர் மேல ஒருத்தர் நிக்கிற புனிதர்கள், அதுல சாவி வச்சிருக்குறவர் இயேசுவோட சீடர் பேதுரு. வெளிய அவ்ளோ ஆட்டம் பாட்டம், உள்ள வந்தா இவங்க அமைதியா நிக்கிறாங்க, இந்த மாற்றம் எனக்கு ரொம்ப பிடிச்சுது. ஆப்ஸ் கூரையையும் அண்ணாந்து பாருங்க, வளைவுங்க சேர்ற இடத்துல சிங்கத் தலைங்க. வெளிச்சம் மட்டும் கம்மி, ஜன்னலெல்லாம் சின்னது, மேகமா இருக்குற நாள்ல கண்ணு பழக கொஞ்ச நேரம் ஆகும்.

வெளிய வந்து மேற்குப் பக்கம் போனா அந்த கோட்டையோட மண்மேடு, மேல சுவர் துண்டு ஒன்னு ரெண்டு நிக்குது. இங்கிலாந்து மன்னன் ஜான் வந்து தங்கின கோட்டை. சர்ச்சுக்கு இன்னொரு பக்கம் புல்வெளியில மேடும் பள்ளமுமா தெரியுறது எல்லாம் கைவிட்டுப் போன இடைக்கால ஊர். ஒரு காலத்துல இது முக்கியமான இடம்ங்கிறது அங்க நின்னாதான் புரியும், இல்லன்னா இந்த குட்டி ஊருக்கு எதுக்கு இவ்ளோ பெரிய வேலைப்பாடுன்னு குழப்பமாவே இருக்கும்.

கார் இருந்தா நல்லது. காலையிலயோ சாயங்காலமோ போங்க, வெயில் சாய்வா விழும்போது தெற்கு வாசல் செதுக்கல் எடுப்பா தெரியும். நேரம் இருந்தா அதே மாவட்டத்துல ஈயர்ட்ஸ்லி சர்ச்சுக்கும் ஒரு எட்டு போயிட்டு வாங்க, அங்க ஞானஸ்நானத் தொட்டியில ரெண்டு பேர் ஈட்டியும் வாளுமா சண்டை போடுறாங்க, கில்பெக் வீரர்கள பாத்துட்டு போனா அவங்க போட்டிருக்குற உடுப்ப பாத்ததுமே இது எந்த ஸ்கூல் வேலைன்னு சொல்லிடுவீங்க.