முன்பல் போனால்: செராமிக் பிரிட்ஜா, இம்ப்ளான்ட்டா?

மேல் முன்பல் போனால் ‘வ’ சரியாக வராது. மேல்பல் கீழுதட்டைத் தொட்டால்தான் அந்த எழுத்தே பிறக்கும். மஞ்சக்குப்பத்தில் பைக் சறுக்கி ஒரு பல் போன மறுநாள், பார்க்க வந்தவர்களை நான் "வாங்க" என்றபோது பாதி காற்றாகத்தான் வந்தது.

முதல் இரண்டு மாதம் கழற்றி மாட்டும் பல் செட். மலிவு, சீக்கிரம் கிடைக்கும். அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை. பல் போன இடத்தில் எலும்பும் ஈறும் சுருங்கும். அது அடங்குவதற்குள் அவசரப்பட்டு பிரிட்ஜ் (இரு பக்கப் பல்லிலும் உறை மாட்டி, நடுவில் போலிப் பல்லைத் தாங்க வைப்பது) கட்டினால் அடியில் சந்து விழும்.

அப்புறம்தான் நிஜமான கேள்வி. பிரிட்ஜ் என்றால் போன பல்லுக்காக, இருக்கிற இரண்டு பல்லை ராவ வேண்டும். ராவிய எனாமல் திரும்ப வளராது. இம்ப்ளான்ட்டில் அந்தப் பாவம் இல்லை: டைட்டானியம் திருகைத் தாடை எலும்பில் பொருத்தி, எலும்பு அதைப் பற்றிக்கொள்ள மூன்று முதல் ஆறு மாதம் விட்டு, மேலே பல் வைப்பார்கள். சுவீடனில் பிரோனெமார்க் என்ற மருத்துவர் 1965இல் தொடங்கிய முறை. செலவு கூட. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களும் சிகரெட்டை விடாதவர்களும் யோசிக்க வேண்டும்.

ஆகவே நான் விலைப்பட்டியலைப் பார்க்கவில்லை, பக்கத்துப் பற்களைப் பார்த்தேன். ஒன்று ஏற்கெனவே வேர் சிகிச்சை செய்தது, இன்னொன்று விழுந்ததில் உடைந்தது. இரண்டுக்கும் எப்படியும் கேப் என்கிற உறை தேவை. எனக்கு பிரிட்ஜ்தான் சரி.

அக்கா மகனுக்குப் பதினாறு வயது, கிரிக்கெட் பந்தில் ஒரு முன்பல் போச்சு. இரு பக்கமும் பழுதில்லாத பல். அவனுக்கும் பிரிட்ஜ் என்று ஒரு கிளினிக்கில் சொன்னபோது எனக்குக் கோபமே வந்தது. தாடை வளர்ச்சி முடியாததால் இம்ப்ளான்ட்டும் கூடாது. பக்கத்துப் பல்லின் பின்புறம் சிறு இறக்கை போல ஒட்டும் பிரிட்ஜ் ஒன்று உண்டு, ராவல் அநேகமாக இல்லை. அதைப் பற்றி அங்கே யாரும் வாய் திறக்கவில்லை. இப்படிச் சந்தேகம் வந்தால் சிதம்பரத்து அரசு பல் மருத்துவக் கல்லூரியிலோ, புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள மகாத்மா காந்தி பல் மருத்துவ நிறுவனத்திலோ செயற்கைப் பல் துறையில் கேட்டுப் பார்க்கலாம்.

பிரிட்ஜ் என்று முடிவானால், உள்ளே உலோகம் வைத்த செராமிக் மலிவுதான். ஆனால் ஈறு இறங்கும்போது விளிம்பில் கருங்கோடு தெரியும். சிரித்தால் ஈறு தெரிகிறவர்கள், உள்ளே உலோகம் இல்லாத வெள்ளை செராமிக்கான ஜிர்கோனியா போட்டுக்கொள்வது நல்லது. எதுவானாலும் பிரஷ் அடியில் போகாது. தினமும் அதற்கென்றுள்ள நூலை நுழைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். தாங்கும் பல் சொத்தையானால் மொத்தமும் போகும்.

பொங்கல் கரும்பை மட்டும் இப்போது சீவித் துண்டு போட்டுக் கடைவாயில்தான் மெல்கிறேன்.