டொல்பின் வானில் சொந்தக் கணினி: கைபடாமல் கோல் கதைத்த அனுபவம்

வானுக்குள் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி ஒன்றை வைத்துக் கைபடாமல் கோல் கதைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கதைக்கலாம், வடிவாகவே கதைக்கலாம். ஆனால் காசிலும் நேரத்திலும் பெரும்பங்கை மைக்குக்குக் கொடுங்கள். திரையும் மெனுவும் பிறகு. மற்றவர் கதைப்பது எங்களுக்குக் கேட்பதில் ஒரு சிக்கலும் இல்லை, பழைய ஸ்பீக்கரிலும் கேட்கும். நாங்கள் கதைப்பது மற்றவருக்கு விளங்க வேண்டும், அதுதான் பெரும்பாடு.

நான் இருப்பது கிளிநொச்சி. கணினி திருத்துவது தொழில். வீட்டில் ஒரு பழைய டொல்பின் வான் (டொயோட்டா ஹயஸ்) நிற்கிறது, நானும் மச்சானும் மாறி மாறி ஹயர் ஓடுகிறோம். வவுனியா, யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி, முல்லைத்தீவு, இடைக்கிடை கட்டுநாயக்கா. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியபிறகு இந்த வானை விட்டால் வேறு வழியில்லை என்றாகிவிட்டது. அதனால் 2021 இல் அதற்குள்ளேயே ஒரு கணினியைப் பூட்டத் தொடங்கினேன். ஹயர் ஓடுபவருக்குக் கோல் எடுக்காமல் இருக்க ஏலாது. "அண்ணை, எங்க நிக்கிறியள்?" என்று ஏறவேண்டியவர் கேட்டுக்கொண்டே இருப்பார். போனைக் கையில் பிடித்துக் கதைத்தால் தண்டம் ஒருபக்கம். அதைவிட, ஏ9 வீதியில் இருட்டினபிறகு மாடு எந்தப் பக்கத்தால் வரும் என்று சொல்லமுடியாது. இரண்டு கையும் ஸ்ரேறிங்கில் இருக்கவேண்டிய ரோட்டு அது.

பூட்டியிருப்பது ராஸ்பெரி பை 4, ஏழு அங்குலத் தொடுதிரை, யூஎஸ்பி சவுண்ட் கார்ட், சின்ன அம்பிளிபயர், முன் கதவுகளில் இரண்டு ஸ்பீக்கர். சவுண்ட் கார்ட் எதற்கு என்று பலர் கேட்பார்கள். பையில் இருக்கும் 3.5 மில்லிமீற்றர் துளை சத்தம் வெளியே போவதற்கு மட்டும்தான், மைக் செருக அதில் வழியில்லை.

மென்பொருள் பக்கம் விளங்கிக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்றுதான். புளூடூத்தில் பாட்டுக்கு ஒரு வழி, கோலுக்கு வேறு வழி. பாட்டு ஒருபக்கமாக மட்டும் ஓடுகிறது, ஸ்ரீரியோ, தரமும் நல்லது. கோல் இரண்டு பக்கமும் ஓடவேண்டும், அது மோனோ, தரமும் குறைவு. பாட்டு நன்றாகப் பாடுகிறது, கோல் மட்டும் ஏன் வரவில்லை என்று தலையைப் பிய்ப்பவர்களுக்குப் பதில் இதற்குள் இருக்கிறது. பையில் ஓடுவது லினக்ஸ் இயங்குதளம். அதில் புளூஸ் என்ற மென்பொருள் போனையும் பையையும் சோடி சேர்க்கும், பல்ஸ்ஓடியோ என்ற மென்பொருள் சத்தத்தை ஓடவிடும். ஆனால் "நான்தான் காரில் இருக்கும் கைபடாக் கருவி" என்று போனிடம் சொல்லி, டயல் பண்ணு, எடு, வை என்ற கட்டளைகளைப் பேச ஒருவர் வேண்டும். அந்த வேலைக்கு நான் வைத்திருப்பது ஓபோனோ. இன்டெலும் நொக்கியாவும் 2009 இல் தொடங்கிய திட்டம் அது. பல்ஸ்ஓடியோவிடம் கோல் வேலையை ஓபோனோவுக்கு விடு என்று ஒரு வரி எழுதவேண்டும், அந்த வரி இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது. போனில் இருப்பதை வாகனத் திரையில் காட்டும் அன்ட்ரொயிட் ஓட்டோவைக் கேபிளில் ஓடவிட நினைப்பவர்களுக்கும் இது தேவை. படமும் வரைபடமும் கேபிளில் வந்தாலும் கோல் சத்தம் புளூடூத்தால்தான் வரும்.

அடுத்தது பையின் சொந்தப் புளூடூத். கோல் இணைந்துவிடும், திரையில் நிமிடம் ஓடும், இரண்டு பக்கமும் ஒரு சத்தமும் இராது. காரணம், அந்தச் சிப் கோல் சத்தத்தைக் கணினிக்குள் அனுப்பாமல் தன்னுடைய தனி ஊசிகளுக்கு அனுப்பும்படி தொழிற்சாலையிலிருந்தே வருகிறது. ஒவ்வொருமுறை தொடங்கும்போதும் ஒரு கட்டளை கொடுத்து அதைத் திருப்பிவிடலாம், வேலை செய்யும். ஆனால் வைஃபையும் அதே சிப், அதே 2.4 கிகாஹேட்ஸ். வரைபடம் இறங்கும்போதெல்லாம் குரல் வெட்டி வெட்டி வந்தது. பிறகு உள் புளூடூத்தை மூடிவிட்டுத் தனி யூஎஸ்பி புளூடூத் ஒன்று போட்டேன். அதை நீல நிற யூஎஸ்பி 3 துளையில் செருகாதீர்கள், அதன் இரைச்சல் இதே அலைவரிசையில் விழும். கறுப்புத் துளையில் ஒரு சிறிய நீட்டு வயரைப் போட்டுப் பெட்டிக்கு வெளியே கொண்டுவந்து வைத்தேன். அதோடு வெட்டுவது நின்றுவிட்டது.

இனி மைக்.

டொல்பினில் எஞ்சின் முன் சீற்றுக்குக் கீழே இருக்கிறது, ஓட்டுபவர் அதற்கு மேலேதான் இருக்கிறார். டீசல் எஞ்சின் சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 700 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு சிலிண்டர் என்றால் சுற்றுக்கு இரண்டு வெடிப்பு, ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 23, அதாவது 23 ஹேட்ஸ். அந்தக் கனத்த உறுமல் எங்கள் காதுக்குப் பெரிதாகத் தெரியும், ஆனால் சாதாரணக் கோலில் அது போகவே போகாது, ஏனென்றால் பழைய தொலைபேசி அலைவரிசை 300 ஹேட்ஸில்தான் தொடங்குகிறது. மற்றவரைக் குழப்புவது அந்த உறுமலுக்கு மேலே வரும் டக்டக் சத்தம், ரயர் இரைச்சல், காற்று. இது விளங்கினபிறகு எஞ்சினை மறைக்க மினக்கெடுவதை விட்டுவிட்டு மைக் இருக்கும் இடத்தை மட்டும் யோசித்தேன்.

முதலில் வைத்த இடம் முன் கண்ணாடிக்கு வலப்பக்கத் தூண். கார்களில் பலர் வைப்பது அங்கேதான், கண்ணாடியை மூடினால் அருமை. ஆனால் எங்கள் வானில் ஏசி பெயருக்குத்தான், கண்ணாடி எப்போதும் திறந்தே கிடக்கும். பரந்தன் தாண்டி ஆனையிறவு வெளிக்குப் போனால் சோளகக் காற்று நேராக மைக்குக்குள் அடிக்கும். பரந்தனில் ஏறவிருந்த ஒரு ரீச்சர் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது: "தம்பி, நீர் கதைக்கிறது ஒண்டும் விளங்கேல்ல, புயலுக்குள்ள நிக்கிற மாதிரிக் கிடக்கு." பிறகு அதைக் கழற்றிக் கூரையில், வெயில் மறைப்புப் பலகைக்கும் நடுக் கண்ணாடிக்கும் இடையில், வாயை நோக்கிச் சரித்துப் பூட்டினேன். ஒருபக்கம் மட்டும் கேட்கும் எலெக்ட்ரெட் மைக், மேலே கறுப்புப் பஞ்சு உறை. வாயிலிருந்து ஒரு முழத்துக்கும் குறைவு. கவசமுள்ள வயரைக் கூரைத் துணிக்கு மேலால் இழுத்து, விளக்கு வயரிலிருந்து தள்ளிக் கொண்டுவந்தேன். இடம் மாற்றியதால் கிடைத்த முன்னேற்றம் எந்த மென்பொருள் அமைப்பாலும் கிடைக்கவில்லை.

மற்றது எதிரொலி. மற்றவரின் குரல் எங்கள் ஸ்பீக்கரில் வந்து, மைக்குக்குள் புகுந்து, அவருக்கே திரும்பிப் போகும். எங்களுக்கு ஒன்றும் தெரியாது, பாவம், அந்தப் பக்கத்தில் இருப்பவர்தான் கஷ்டப்படுவார். பல்ஸ்ஓடியோவில் எதிரொலி நீக்கும் பகுதி இருக்கிறது, அதில் வெப்ஆர்டிசி முறையைத் தெரிவுசெய்யுங்கள். அது ஸ்பீக்கருக்குப் போகும் சத்தத்தைப் பார்த்து, அதே சத்தம் மைக்கில் எப்போது வருகிறது என்று கணித்துக் கழித்துவிடும். இங்கேதான் பலருக்குப் பிழைக்கிறது: மைக் ஒரு சவுண்ட் கார்டில், ஸ்பீக்கர் பையின் சொந்தத் துளையில் என்று பிரித்துவிடுவார்கள். இரண்டு கார்டின் கடிகாரமும் ஒன்றாக ஓடாது. நேரம் போகப்போக விலகி, கோல் தொடங்கும்போது நன்றாக இருந்தது சில நிமிடத்தில் எதிரொலிக்கத் தொடங்கும். மைக்கும் ஸ்பீக்கரும் ஒரே கார்டில் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. போனும் தன் பங்குக்கு எதிரொலியை நீக்கப் பார்க்கும். இரண்டும் சேர்ந்தால் குரலே தேய்ந்துவிடும், ஆகவே போனின் நீக்கலை நிறுத்தச் சொல்லும் கட்டளையும் போகிறதா என்று பாருங்கள்.

புளூடூத் கோலில் குரலைத் தெளிவாக்கும் அகல அலைவரிசை முறை பற்றியும் ஒரு வார்த்தை. பழைய முறை சத்தத்தைச் செக்கனுக்கு 8,000 தடவை அளந்து எடுக்கும், 2011 இல் வந்த புதிய முறை 16,000. வானை நிறுத்திவைத்துக் கதைத்தால் புதியது பக்கத்தில் இருந்து கதைப்பதுபோலக் கேட்கும். ஓடும்போது, கண்ணாடி திறந்திருக்க, கூடுதலாகப் போவது காற்று இரைச்சல்தான். நான் பழைய முறையிலேயே விட்டிருக்கிறேன், எங்கள் வானுக்கு அதுதான் சரி.

மின்சாரப் பக்கம் சுருக்கமாகச் சொல்கிறேன். பை 4 க்கு 5.1 வோல்ட், 3 அம்பியர் வேண்டும். திறப்பைத் திருப்பி ஸ்ராட் பண்ணும்போது ஏசிசி வயரில் (திறப்பைத் திருப்பினால் மட்டும் மின் வரும் வயர்) மின் வெட்டுப்படும், அதில் நேராகக் கொடுத்தால் ஒவ்வொருமுறையும் கணினி செத்து எழும்பும். பற்றரியிலிருந்து பியூஸ் போட்டு நேர் வயர், ஏசிசியிலிருந்து ஒரு சைகை மட்டும், திறப்பை எடுத்தால் ஒழுங்காக மூடிவிட்டுப் பிறகு ரிலே வெட்டும். மெமரி கார்டுக்கு எழுதாமல் ஓடும் அமைப்பையும் போட்டுவிடுங்கள், கார்ட் பழுதாகாது. அக்சிலேற்றரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் கீ என்று ஒரு சத்தம் ஏறினால் அது பற்றரியைச் சார்ஜ் பண்ணும் ஓல்டர்னேட்டரின் இரைச்சல். சவுண்ட் கார்டுக்கும் அம்பிளிபயருக்கும் நடுவில் அந்த இரைச்சலைத் தடுக்கும் கிரவுண்ட் லூப் ஐசோலேற்றர் போட எனக்குப் போய்விட்டது.

பாவனையில் எங்கள் இருவருக்கும் பிடித்தது இரண்டு. ஒன்று, ஸ்ரேறிங்குக்குப் பக்கத்தில் பூட்டிய பெரிய பொத்தான். ஒரு அமத்து எடுக்கும், இன்னொரு அமத்து வைக்கும். வெயிலுக்குத் திரை தெரியாதபோதும், கை ஈரமாக இருந்தாலும் வேலை செய்யும். மச்சானுக்கு மெனு ஒன்றும் தெரியாது, தெரியவும் தேவையில்லை. மற்றது, யார் எடுக்கிறார் என்று வாயால் சொல்லும் ஏற்பாடு. போனிலிருக்கும் பெயர்ப் பட்டியலைப் புளூடூத்தால் இறக்கலாம். தமிழில் எழுதிவைத்த பெயர்கள் முதலில் வெறும் பெட்டி பெட்டியாக வந்தன, தமிழ் எழுத்துரு போட்டதும் சரி. பிறகு, எழுத்தை வாசித்துச் சொல்லும் ஈஸ்பீக் என்ஜி என்ற மென்பொருள் தமிழும் வாசிக்கும் என்று தெரிந்து அதைக் கோல் மணியோடு இணைத்தேன். இயந்திரக் குரல்தான், ஆனால் "மாங்குளம் கடை", "பெரியம்மா" என்று சொல்லும்போது விளங்குகிறது. ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கத் தேவையில்லை.

வன்னிக்குள் ஓடுபவர்களுக்கு இன்னொன்று. காட்டுப் பக்க ரோட்டுகளில் சிக்னல் விழும் துண்டுகள் உண்டு, கதைத்துக்கொண்டே இருப்போம், மற்றவர் எப்போதோ போயிருப்பார். போன் தன் சிக்னல் அளவை 0 இலிருந்து 5 வரை காருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அது 1 க்கு வந்ததும் ஒரு சின்னப் பீப் அடிக்கும்படி செய்திருக்கிறேன். "சிக்னல் போகப்போகுது, ஒட்டுசுட்டான் தாண்டி எடுக்கிறன்" என்று சொல்லி வைத்துவிடலாம். இரண்டு சிம் வைத்திருப்பவர்கள் வெளிக் கோலுக்கு ஒரு சிம்மை நிரந்தரமாகத் தெரிவுசெய்துவிடுங்கள். ஒவ்வொருமுறையும் கேள் என்று விட்டால், வானிலிருந்து டயல் பண்ணும்போது எந்தச் சிம் என்ற கேள்வி சட்டைப்பைக்குள் இருக்கும் போனில் வந்து நிற்கும்.

இத்தனை வருடத்தில் பழுதானவை: சித்திரை வெயிலில் மூடிக் கிடந்த வானுக்குள் ஒரு விசிறி, கிரவல் தூசியில் தொடுதிரையின் வயர் செருகி, இரண்டு மைக் பஞ்சு. பை 80 பாகை செல்சியஸ் தொட்டால் தானாகவே வேகத்தைக் குறைக்கும், அதனால் டாஷ்போட்டுக்கு மேலே வைக்காமல் இடப்பக்கத்தில் காலடிக்கு மேலே, எஞ்சின் சூடு படாத இடத்தில் வைத்திருக்கிறேன். புதிதாகத் தொடங்குபவர்கள் பல்ஸ்ஓடியோவுக்குப் பதிலாக வந்த பைப்வயரில் தொடங்குங்கள். 2023 ஒக்டோபரில் வந்த ராஸ்பெரி பை ஓஎஸ் அதோடுதான் வருகிறது, எதிரொலி நீக்கலும் அதில் இருக்கிறது. என்னுடையது பழைய மெமரி கார்டிலேயே ஓடுகிறது, ஓடும்வரை மாற்றுவதாக இல்லை. அந்தக் கார்டின் பிரதி ஒன்று எப்போதும் வானுக்குள் கிடக்கும்.

இன்னும் சரிவராதது வட்ஸ்அப் கோல். கனடாவிலும் லண்டனிலும் இருந்து சொந்தங்கள் எடுப்பதெல்லாம் அதில்தான். போனில் தொட்டு எடுத்தால் சத்தம் வான் ஸ்பீக்கருக்கு வருகிறது, மைக்கும் வேலை செய்கிறது. ஆனால் என் போனில் அதை ஸ்ரேறிங் பொத்தானால் எடுக்க முடியவில்லை, மச்சானின் போனில் சிலவேளை முடிகிறது. அது சரிவரும்வரைக்கும் வட்ஸ்அப் அடித்தால் அடிக்கட்டும் என்று விட்டு, வானை ஓரமாக நிறுத்தியபிறகு திருப்பி எடுக்கிறோம்.