தாத்தா கதையோடு வரும் பழைய பட்டாளப் படங்கள்: பிரிட்டனில் வாங்குபவர்கள் கவனிக்கவும்

பிரிட்டிஷ் ரெஜிமென்ட்களின் பழைய புகைப்படம், பேட்ஜ், மெடல் என்று சேகரிக்கிற நம்மவர்கள் இங்கே கொஞ்சப் பேராவது இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இந்தப் பதிவு. "வெள்ளைக்காரன் பட்டாளத்துப் படம் உனக்கெதற்கு?" என்று கேட்கத் தோன்றுபவர்கள் தாராளமாகக் கடந்து போகலாம். எங்கள் வீட்டிலும் அதே கேள்விதான்.

ஆன்லைன் சந்தை ஒன்றில் ஒருவர் போட்டிருந்த விளம்பரம்: "ரோர்க்ஸ் டிரிஃப்ட், 1879. அசல் குழுப் புகைப்படம், அந்தப் போரில் அணிந்த தொப்பி பேட்ஜுடன். என் கொள்ளுத்தாத்தா அங்கே நின்றவர். வீட்டைக் காலி செய்வதால் விற்கிறேன்." விலை 240 பவுண்டு. படம் சின்னதாக, மங்கலாக இருந்தது. பின்பக்கத்தைக் காட்டுங்கள் என்று கேட்டதற்கு, "ஃப்ரேமைப் பிரித்தால் உடைந்துவிடும்" என்று பதில் வந்தது.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1879 ஜனவரி 22 அன்று தென்னாப்பிரிக்காவில் இசாண்டில்வானா என்ற இடத்தில், அந்த மண்ணின் ஜூலு மக்களின் படை பிரிட்டிஷ் முகாமைத் துடைத்தெடுத்தது. பிரிட்டிஷ் தரப்பில் இறந்தவர்கள் 1,300க்கும் மேல். அன்று பிற்பகல் தொடங்கி மறுநாள் விடியும்வரை, பக்கத்தில் ரோர்க்ஸ் டிரிஃப்ட் மிஷன் நிலையத்தில் சுமார் 150 பேர் தாக்குப்பிடித்தார்கள். அதற்கு மட்டும் 11 விக்டோரியா கிராஸ், பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருது. அதனால் அந்தப் பெயர் ஒட்டிய எதுவானாலும் விலை ஏறும். விலை ஏறுகிற இடத்தில் போலியும் முளைக்கும். நான் குடியிருப்பது தெற்கு வேல்ஸில். ரோர்க்ஸ் டிரிஃப்டில் நின்ற ரெஜிமென்ட்டின் அருங்காட்சியகம் வேல்ஸிலேயே பிரெக்கன் என்ற ஊரில்தான் இருக்கிறது, ஆகவே எனக்கு இது உள்ளூர்ச் சங்கதி மாதிரி.

சந்தேகம் இருந்தும் வாங்கினேன். பார்சல் வந்தது. ஃப்ரேமுக்குள் பழுப்பேறிய அட்டை, அதன் கீழ் விளிம்பில் அழகான எழுத்தில் "சவுத் வேல்ஸ் பார்டரர்ஸ், ரோர்க்ஸ் டிரிஃப்ட், 1879". முதல் கோணல் அங்கேயே. 1879இல் அந்தப் பெயரே கிடையாது. அப்போது அது 24ஆம் ரெஜிமென்ட். வார்விக்ஷயர் என்ற இங்கிலாந்துப் பகுதியின் பெயரைத்தான் சுமந்துகொண்டிருந்தது. எண்களை எடுத்துவிட்டு ஊர்ப்பெயர் கொடுத்த சீர்திருத்தம் 1881இல்தான் வந்தது.

சரி, பிற்காலத்தில் யாரோ எழுதி ஒட்டியிருக்கலாம் என்று விட்டுக்கொடுத்துப் பார்த்தாலும், படத்தில் நிற்பவர்கள் விடவில்லை. எல்லோர் தலையிலும் முன்விளிம்பு வைத்த தட்டைத் தொப்பி, காலில் கணுக்காலிலிருந்து முழங்கால்வரை சுற்றிய பட்டி. ஜூலு போருக்குப் போனவர்கள் சிவப்புக் கோட்டும், தேநீர்ச் சாயம் ஏற்றி வெள்ளையை மங்கடித்த வெயில் ஹெல்மெட்டும் போட்டவர்கள். படத்தில் இருப்பது முதல் உலகப் போர்க் காலத்து உடுப்பு. முப்பது வருஷத்துக்கு மேல் வித்தியாசம்.

அதைவிட வேடிக்கை பேட்ஜ். நடுவில் ஸ்பிங்க்ஸ் (மனிதத் தலையும் சிங்க உடலும் கொண்ட எகிப்துச் சிலை), சுற்றிலும் மலர்வளையம். அந்த வளையம் எங்கிருந்து வந்தது தெரியுமா? இசாண்டில்வானாவிலிருந்து மெல்வில், காக்ஹில் என்ற இரண்டு லெப்டினன்ட்கள் கொடியைக் காப்பாற்றக் கிளம்பி வழியில் உயிரைவிட்டார்கள். பிறகு ஆற்றிலிருந்து மீட்கப்பட்ட அந்தக் கொடிக்கு 1880இல் விக்டோரியா ராணி ஒரு வளையம் சூட்டினார். அதன் நினைவாகத்தான் பேட்ஜில் வளையம் ஏறியது. அந்தப் போரின் நினைவாக வந்த சின்னத்தை அந்தப் போரிலேயே கொள்ளுத்தாத்தா எப்படி அணிந்திருப்பார்?

ஃப்ரேமைப் பிரித்தேன் (உடையவில்லை). பூதக்கண்ணாடியில் முகங்களைப் பார்த்தால் கன்னம், மீசை, பட்டன் எல்லாம் நிறம் நிறமான பொடிப் புள்ளிகள். இங்க்ஜெட் பிரிண்டர் வேலை. அந்தக் காலத்து ஆல்புமின் படம் முட்டை வெள்ளைக்கரு பூசிய மெல்லிய தாளில் எடுத்தது. அதை எவ்வளவு பெரிதாக்கினாலும் புள்ளி வராது. சாயல் தொடர்ச்சியாக இருக்கும், தாளின் நார் தெரியும். விளக்கை அணைத்துக் கள்ளநோட்டுப் பார்க்கிற புற ஊதா டார்ச்சை அடித்தேன். தாள் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தது. அப்படி ஒளிரவைக்கும் வெளுப்பூட்டிகள் புகைப்படத் தாளில் சேர்ந்தது 1950களையொட்டித்தான். பழைய அட்டையில் புதுத் தாளை ஒட்டி, ஓரத்தில் டீத்தண்ணீர் தடவியிருக்கிறார்கள். டார்ச்சின் விலை ஒரு சாப்பாட்டுக் காசுகூட ஆகாது, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

விற்றவருக்கு எழுதினேன். "பழைய பொருள், இருக்கிறபடியே விற்றேன், நான் தனிநபர், திருப்பி வாங்கமாட்டேன்" என்றார். அவருடைய மற்ற விளம்பரங்களைத் துழாவினேன். அதே கொள்ளுத்தாத்தா 1854இல் கிரிமியப் போரில் ஹைலாண்டராக, அதாவது ஸ்காட்லாந்துப் பட்டாளத்துக்காரராக நிற்கிறார். 1900இல் தென்னாப்பிரிக்காவில் ஸ்பியன் காப் போரில் லாங்கஷயர் ஃப்யூசிலியர்ஸ் என்ற வேறொரு ரெஜிமென்ட்டில் நிற்கிறார். ஆயுசு கெட்டி. பக்கம் பக்கமாகப் பொருள் போடுகிற ஆள் தனிநபர் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு காரணம் இருக்கிறது. வியாபாரியிடம் ஆன்லைனில் வாங்கினால், பொருள் கைக்கு வந்து 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே வேண்டாம் என்று சொல்ல 2013ஆம் வருஷத்து விதி இடம் தருகிறது. தனிநபரிடம் அது செல்லாது. ஆனால் தனிநபரானாலும், சொன்ன விவரத்துக்குப் பொருள் ஒத்திருக்க வேண்டும். நான் பிடித்துக்கொண்டது அதைத்தான்.

இன்னொன்று: பணம் கட்டும்போது, "நண்பர்-குடும்பம் வகையில் அனுப்புங்கள், 10 பவுண்டு குறைக்கிறேன்" என்று இழுத்தார். நான் பொருள் வாங்கும் வகையில்தான், அதாவது வாங்குபவருக்குப் பாதுகாப்புள்ள வகையில்தான் அனுப்பினேன். அந்தப் பத்து பவுண்டுக்கு ஆசைப்பட்டவர்களுக்குப் புகார் போடவே வழி இருக்காது. விவரத்துக்கும் பொருளுக்கும் சம்பந்தமில்லை என்று தளத்தில் புகார் கொடுத்து, புள்ளி தெரியும் படம், நீலமாக ஒளிரும் படம், 1881 விவரம் எல்லாம் இணைத்தேன். "80 பவுண்டு தருகிறேன், புகாரை எடுங்கள்" என்று இறங்கிவந்தார். எடுக்கவில்லை. கண்காணிப்பு எண்ணுள்ள தபாலில் திருப்பி அனுப்பிய பிறகு முழுப் பணமும் வந்தது. திருப்பி அனுப்பிய தபால் செலவு மட்டும் என் கணக்கு.

போன வாரம் அதே ஃப்ரேம் வேறொரு கணக்கில் விற்பனைக்கு வந்திருக்கிறது. இடது மூலையில் இருந்த கீறல் அப்படியே இருக்கிறது. இப்போது அது "அத்தை வீட்டுப் பரணிலிருந்து" கிடைத்ததாம். பேட்ஜைக் காணோம். அட்டையில் எழுத்தும் மாறியிருக்கிறது: "24ஆம் ரெஜிமென்ட், 1879". என் புகாரை நன்றாகப் படித்துத் திருத்தியிருக்கிறார். தொப்பியையும் கால்பட்டியையும் மட்டும் அவரால் மாற்ற முடியவில்லை. விலை 180 பவுண்டு. தளத்துக்கு மறுபடி எழுதியிருக்கிறேன், இதுவரை எடுக்கவில்லை.