வேடந்தாங்கலா, பள்ளிக்கரணையா? சென்னையிலிருந்து பறவைப் படம் எடுக்கக் கிளம்புகிறவர்களுக்கு

சென்னையில் புதிதாக 150-600 மி.மீ. ஜூம் லென்ஸ் வாங்கியவர்கள் பெரும்பாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வேடந்தாங்கலுக்கு வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். பறவை என்றால் வேடந்தாங்கல் என்று பள்ளிப் பருவத்திலேயே மனதில் பதிந்துவிட்டது. போய்வந்த பிறகு மெமரி கார்டு நிறைய வெள்ளைப் புள்ளிகளும் குச்சிகளும்தான் இருக்கும். லென்ஸ் சரியில்லையோ என்ற சந்தேகம் அப்போதுதான் வரும். லென்ஸில் குறையே இல்லை. படம் எடுக்கக் கற்றுக்கொள்ளும் காலத்தில் முதலில் போக வேண்டிய இடம் வேளச்சேரியை ஒட்டி இருக்கும் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் என்பது என் கருத்து. வேடந்தாங்கலுக்கும் போக வேண்டும், ஆனால் அதற்கென்று ஒரு பருவமும் ஒரு காரணமும் இருக்கிறது.

முதலில் தூரம். வேடந்தாங்கல் சென்னையிலிருந்து சுமார் 80 கி.மீ. ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டு தாண்டி, படாளத்தில் திரும்ப வேண்டும். காலை வெளிச்சம் வேண்டுமென்றால் இருட்டில் கிளம்ப வேண்டும். வீட்டில் சொல்லி, துணைக்கு ஆள் சேர்த்து, பெட்ரோல் போட்டு என்று அது ஒரு பயணமாகிவிடும். பருவத்துக்கு ஓரிரு முறைக்கு மேல் பெரும்பாலானவர்களால் முடியாது. பள்ளிக்கரணைக்கு அப்படி இல்லை. தென்சென்னையில் இருப்பவர்கள் வேலைக்குப் போகும் முன்பே ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வரலாம். பறவைப் படத்தில் தேர்ச்சி வருவது இப்படித் திரும்பத் திரும்பப் போவதால்தான். ஒரே நீர்ப்பரப்பை நவம்பரிலும் பார்த்து, பிப்ரவரியிலும் பார்த்து, தண்ணீர் வற்றும் மே மாதத்திலும் பார்த்தால்தான் எந்தப் பறவை எங்கே உட்காரும், எதற்குப் பறக்கும் என்பது பிடிபடும்.

அடுத்தது வெளிச்சம். பள்ளிக்கரணையை ஊடறுத்துப் போகும் பல்லாவரம்–துரைப்பாக்கம் 200 அடிச் சாலை ஏறக்குறைய மேற்கிலிருந்து கிழக்காகப் போகிறது. டிசம்பர், ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்துதான் நகரும். அதனால் அந்த மாதங்களில் வடக்குப் பார்த்து நிற்பவருக்கு வெயில் பெரும்பாலும் முதுகுப்பக்கமிருந்து விழும். நெடுங்கால் உள்ளானின் சிவப்புக் கால் பளிச்சென்று தெரியும், கண்ணில் ஒளிப்புள்ளி விழும். அதே இடத்தில் தெற்கே திரும்பினால் பறவை கறுப்பு உருவமாகத்தான் வரும். நிழலுருவப் படம் வேண்டுமென்றால் அதுவும் நல்லதுதான். ஆனால் அந்தச் சாலையில் வண்டிகள் பறக்கும். வண்டியைத் தள்ளி நிறுத்த இடமில்லாத பகுதியில் தயவுசெய்து நிற்காதீர்கள். வனத்துறை அமைத்திருக்கும் சூழல் பூங்காவின் நடைபாதை இதற்கு எவ்வளவோ மேல். அங்கே பதற்றமில்லாமல் குனிந்து, உட்கார்ந்து எடுக்கலாம்.

குனிந்து என்று சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நீர்ப்பறவைப் படத்தில் கேமரா எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு பின்னணி விலகிப் போகும். நின்றபடி எடுத்தால் பறவைக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி இருக்கும் சேறும் பிளாஸ்டிக் கவரும் தெளிவாக விழும். அதே பறவையை உட்கார்ந்து எடுத்தால், பின்னணியில் இருப்பது நூறடி தள்ளி இருக்கும் கோரைப்புல். அது கரைந்து ஒரே பச்சையாகிவிடும். பள்ளிக்கரணையில் இது சாத்தியம், ஏனென்றால் பறவைகள் திறந்த நீரிலும் சேற்றிலும் இரை தேடுகின்றன. வேடந்தாங்கலில் பறவைகள் இருப்பது மரத்தில். நீங்கள் நிற்பது ஏரிக்கரையில் அல்லது காட்சிக் கோபுரத்தில். உட்கார்ந்தாலும் நின்றாலும் அங்கே பெரிய வித்தியாசம் இல்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் கிளை, கிளைக்குப் பின்னால் இன்னொரு கூடு, அதற்குப் பின்னால் எச்சம் படிந்து வெளுத்த இலைகள். ஆட்டோ ஃபோகஸ் பறவையை விட்டுவிட்டு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சியைப் பிடித்துக்கொள்ளும். அங்கே ஒற்றை ஃபோகஸ் புள்ளியைச் சின்னதாக வைத்துக்கொண்டு, கண்ணைப் பார்த்து வைத்து எடுப்பதுதான் வழி.

சரி, அப்படியானால் வேடந்தாங்கலுக்கு எதற்குப் போக வேண்டும்? கூடுகளுக்காக. சுமார் 30 ஹெக்டேர் ஏரிதான். நீருக்குள் நிற்கும் கடம்பு மரங்களிலும் கருவேல மரங்களிலும் நத்தைகுத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், பாம்புத்தாரா, நீர்க்காகம், வக்கா எல்லாம் மாடி வீடுகள்போல ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடு கட்டும். வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பினால்தான் இதெல்லாம். ஆகவே அக்டோபர், நவம்பர் மழையைப் பார்த்துவிட்டுத் திட்டம் போடுங்கள். நவம்பர், டிசம்பரில் போனால் அலகில் சுள்ளியோடு பறக்கும் பறவைகள் கிடைக்கும். ஜனவரி கடைசி, பிப்ரவரியில் போனால் குஞ்சுகள்.

நத்தைகுத்தி நாரையை எடுத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த பறவையின் அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். இளம் பறவைக்கு அந்த இடைவெளி இருக்காது. தாயும் குஞ்சும் ஒரே சட்டகத்தில், பக்கவாட்டில், இரண்டு அலகும் தெளிவாக விழும்படி எடுத்தால் ஒரே படத்தில் அந்தப் பறவையின் வளர்ச்சி வந்துவிடும். இப்படி ஒரு படத்தைப் பள்ளிக்கரணையில் எடுக்க வாய்ப்பு குறைவு. மதிய வெயிலில் மஞ்சள் மூக்கு நாரை இறக்கையை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் கொடுத்து நிற்பதும் அப்படித்தான். எல்லோரும் வெயில் ஏறியதும் கிளம்பிவிடுவார்கள், அந்த நேரத்துக்காகவே நான் இருந்து எடுக்கச் சொல்வேன். வெளிச்சம் கடுமையாகத்தான் இருக்கும். வெள்ளை இறகின் நுணுக்கம் வெந்துபோகாமல் இருக்க, எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியின் அளவை) முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை குறைத்து வையுங்கள். ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும். பின்னணியில் கரும்பச்சை இலை அதிகம் இருந்தால் கேமரா ஏமாந்து படத்தை வெளிறச் செய்துவிடும். வாலருகே இருக்கும் அந்த ரோஜா நிற இறகுகள் முதலில் போய்விடும்.

மாலை நான்கு மணிக்கு மேல் இன்னொரு நிகழ்ச்சி. இரை தேடப் போன பறவைகள் சுற்றுவட்டார வயல்களிலிருந்து கூட்டம் கூட்டமாகத் திரும்பும். கூழைக்கடா இறங்கும்போது காலை முன்னால் நீட்டி, இறக்கையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொள்ளும். இதற்கு 600 தேவையில்லை, 300 மி.மீ. போதும், சில சமயம் அதற்கும் குறைவு. ஷட்டர் வேகம் 1/1600-க்குக் கீழே போகாமல், ஐ.எஸ்.ஓ.வை (கேமராவின் ஒளி உணர்திறனை) ஆட்டோவில் விட்டுவிடுங்கள். படத்தில் கொஞ்சம் புள்ளிப்புள்ளியாக நாய்ஸ் இருந்தாலும் பரவாயில்லை, கலங்கிய கண்ணைத் திருத்த எந்த மென்பொருளாலும் முடியாது. காணும் பொங்கலையொட்டிய நாட்களில் மட்டும் அந்தப் பக்கம் போகாதீர்கள், கரை முழுக்கக் கூட்டம்.

பள்ளிக்கரணையில் எதிர்பார்க்கக் கூடியது வேறு வகை. நீலத் தாழைக்கோழி கோரைத் தண்டைப் பிடுங்கி, அதைக் காலில் பிடித்துக்கொண்டு கடிப்பதை மிக அருகிலேயே எடுக்கலாம். குளிர்காலத்தில் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் வரும். சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்து வந்தால் நீரில் இருக்கும் மொத்தக் கூட்டமும் ஒரே நொடியில் எழும். எழுவதற்கு முன்னால் எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பும், விரலை ஷட்டரில் வைக்க வேண்டிய நேரம் அதுதான். நீளவால் இலைக்கோழியைக் குளிர்காலத்தில் பார்த்தால் அந்த நீண்ட வால் இருக்காது. இனப்பெருக்கக் கோலத்தில், கழுத்தில் பொன்னிறத்தோடு பார்க்கக் கோடையிலும் அதற்குப் பிறகும் போக வேண்டும். முட்டையை அடைகாப்பது ஆண் பறவை. இலைமேல் அது உட்கார்ந்திருப்பதைத் தொலைவிலிருந்தே எடுத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். பூநாரைகள் வரும் நாட்களில் ஊரே கேமராவோடு வந்து நிற்கும், ஆனால் அவை நட்டநடு நீரில் இருக்கும். வெயில் ஏறினால் சேற்றுக்கு மேலே கானல் அலையடிக்கும், அதன் ஊடாக எந்த லென்ஸும் கூர்மையாக எடுக்காது. காலை எட்டரைக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கரணையின் குறைகளை மறைக்க விரும்பவில்லை. பெருங்குடி குப்பைமேட்டின் நாற்றமும் புகையும் காற்று திரும்பினால் முகத்தில் அடிக்கும். மின்கம்பியும் அடுக்குமாடிக் கட்டடமும் சட்டகத்துக்குள் வரும். அவற்றை வெட்டிவிட்டுத்தான் படம் போட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைப்பதில்லை. கட்டடங்களுக்கு முன்னால் பறக்கும் கூழைக்கடாவின் படம் இந்தச் சதுப்பு நிலத்தின் உண்மையான படம். ஒரு காலத்தில் பல்லாயிரம் ஏக்கர் பரந்திருந்த இடம் இது. பள்ளிக்கரணை, வேடந்தாங்கலுக்கு அருகிலிருக்கும் கரிக்கிலி பறவைகள் சரணாலயம், வேடந்தாங்கல் மூன்றுமே 2022-இல்தான் ராம்சர் தளங்களாயின, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்கள் என்ற அங்கீகாரம் பெற்றன. வேடந்தாங்கலைத் தலைமுறைகளாகக் காத்தவர்கள் ஊர்க்காரர்கள். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அங்கே பறவைகளைச் சுடுவதைத் தடுக்க ஆங்கிலேயக் கலெக்டரிடம் எழுத்தில் உரிமை வாங்கியவர்கள். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். பள்ளிக்கரணைக்கு அப்படி ஓர் ஊர் இல்லை. அங்கே அடிக்கடி போகிறவர்கள்தான் அந்த ஊர். அதனால்தான் நாம் எடுக்கும் சாதாரணப் படத்தையும் தேதியோடு, எண்ணிக்கையோடு ஈபேர்டில் (பறவைகளைப் பார்த்தவர்கள் பதிவுசெய்யும் இணையதளம்) ஏற்றிவையுங்கள் என்று வற்புறுத்துகிறேன்.

வேடந்தாங்கல் போகும்போது கரிக்கிலியையும் சேர்த்துக்கொள்ளலாம், சுமார் 10 கி.மீ. தான். அங்கே கூட்டம் குறைவு, வாத்துகளும் கரையோரப் பறவைகளும் நன்றாக இருக்கும். ஒரு முழு நாள் ஒதுக்குபவர்கள் காலையில் கரிக்கிலி, மதியத்துக்கு மேல் வேடந்தாங்கல் என்று வைத்துக்கொண்டால் வெளிச்சமும் வீணாகாது.

பறவையைவிட விலங்குதான் வேண்டும் என்பவர்களுக்கு கிண்டி தேசியப் பூங்கா இருக்கிறது. சுமார் 2.7 சதுர கி.மீ., நகரத்துக்கு நடுவில் வெளிமானும் புள்ளிமானும். ஆனால் உள்ளே நினைத்த நேரத்தில் நுழைய முடியாது, அனுமதி வாங்க வேண்டும். பக்கத்திலிருக்கும் சிறுவர் பூங்காவில் இருப்பவை அடைப்பில் உள்ள விலங்குகள். பழக்கத்துக்காக எடுக்கலாம், காட்டுயிர்ப் படம் என்று சொல்லிப் போட வேண்டாம்.

கருவி விஷயத்தில் நீண்ட விவாதம் தேவையில்லை. கையில் எது இருக்கிறதோ அதை வைத்துப் பள்ளிக்கரணையில் தொடங்குங்கள். பெரிய லென்ஸ் இல்லாதவர்கள் நிக்கான் பி1000 மாதிரியான சூப்பர் ஜூம் கேமராவோடு உட்கார்ந்திருக்கும் பறவைகளை நன்றாகவே எடுக்கிறார்கள். பறக்கும் பறவைக்கு மட்டும் அது திணறும். டிரைபாடைவிட அரிசியோ உளுந்தோ நிரப்பிய ஒரு துணிப்பை கைப்பிடிச் சுவரில் வைத்து எடுக்க வசதி.

இரண்டு இடத்துக்கும் பொதுவானது ஒன்றுண்டு. பறவை எழும்ப வேண்டும் என்று கல்லெறிவதும் கை தட்டுவதும் இன்னும் நடக்கிறது. வேடந்தாங்கலில் அடைகாக்கும் பறவை ஒருமுறை எழுந்தால் காகமும் பருந்தும் அந்த இடைவெளிக்குத்தான் காத்திருக்கும். அப்படிச் செய்பவர் உங்கள் குழுவிலேயே இருந்தாலும் அப்போதே நிறுத்தச் சொல்லுங்கள். கூடு இருக்கும் இடத்தின் துல்லியமான இருப்பிடத்தைப் படத்தோடு பகிராதீர்கள். செல்போனில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை அழைக்காதீர்கள்.

நாளை விடுமுறை என்றால் பள்ளிக்கரணைக்குப் போங்கள், விடிவதற்கு முன்பே போய் வடக்குப் பார்த்து உட்காருங்கள். மழை நன்றாகப் பெய்த ஆண்டில், தை மாதக் கூட்டமெல்லாம் ஓய்ந்த ஒரு வாரநாளில் வேடந்தாங்கலுக்குப் போங்கள், மாலை வரை இருங்கள்.